ஊருக்கு ஒரு எம்.பி., வயலுக்கு ஒரு எம்.பி.: நூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்துத் தொகுதிகள்

பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் என்று படித்திருப்பீர்கள். மிண்டோ இங்கே வைஸ்ராய், மார்லி லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர். அவர் 1905 டிசம்பரில் அந்தப் பதவிக்கு வந்தார். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது லண்டனில் இந்தியப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். சரி, இந்த ஜான் மார்லியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று தேடினால், "மான்ட்ரோஸ் பரோக்கள்" என்று ஒரு தொகுதிப் பெயர் வரும். மான்ட்ரோஸ் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் சின்னத் துறைமுக ஊர். ஆனால் தொகுதி அந்த ஒரு ஊர் மட்டும் கிடையாது. மான்ட்ரோஸ், ஆர்ப்ரோத், பிரீக்கின், ஃபார்ஃபர், இன்வர்பெர்வி என்று ஐந்து ஊர்கள் சேர்ந்தது. இந்த ஐந்தும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கவில்லை. நடுவில் வயல், பண்ணை, கிராமம் என்று மைல் கணக்கில் வேறு தொகுதி.

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே இங்கேதான். ஃபார்ஃபர் ஊருக்குள் குடியிருந்து ஓட்டுரிமையும் வைத்திருந்த ஒருவர் மார்லிக்கு ஓட்டுப் போடலாம். அவர் ஊர் எல்லையைத் தாண்டி நடந்து முதல் பண்ணைக்குள் நுழைந்தால், அந்தப் பண்ணைக்காரருக்கு மார்லி எம்.பி. இல்லை, ஃபார்ஃபர்ஷயர் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) எம்.பி. ஜான் சின்க்ளேர். இந்தச் சின்க்ளேர் 1905 முதல் 1912 வரை ஸ்காட்லாந்துக்கான அமைச்சராக இருந்தார், நடுவில் 1909இல் பென்ட்லண்ட் பிரபு ஆனார், 1912இல் சென்னை மாகாண கவர்னராக வந்து சேர்ந்தார். 1917இல் அன்னி பெசன்டைக் காவலில் வைத்த அதே பென்ட்லண்ட். வேலூர்க்காரர்களுக்கு அங்கிருக்கும் பழைய அரசு மருத்துவமனையின் பெயரில் இந்தச் சொல் பழக்கமானது. ஆக, பல வருஷம் ஒரே கவுண்டியில் ஊர்க்காரர்களின் எம்.பி.யாக மார்லியும் வயல்காரர்களின் எம்.பி.யாகச் சின்க்ளேரும் இருந்தார்கள். ஊரும் அதைச் சுற்றிய வயலும் ஏன் வேறு வேறு தொகுதி என்பதைப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்து ஸ்காட்லாந்து அரசியலில் பாதி புரிந்துவிடும்.

நமக்குத் தொகுதி என்றால் வரைபடத்தில் கோடு போட்டு வெட்டிய ஒரு துண்டு நிலம். இத்தனை மக்கள்தொகை, இத்தனை வாக்குச்சாவடி, எல்லைக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஒரே உறுப்பினர். அந்தக் கணக்கை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனால் ஒத்துவராது. அங்கே 1918 வரைக்கும் தொகுதி என்பது நிலத்தைவிட உரிமையைச் சார்ந்தது. எந்த மாதிரி இடத்தில் இருக்கிறாய், அந்த இடத்துக்குப் பழைய காலத்தில் ராஜா என்ன பட்டயம் கொடுத்தார், நீ என்ன வைத்திருக்கிறாய், என்ன படித்திருக்கிறாய் என்பதெல்லாம் சேர்ந்துதான் நீ யாருக்கு ஓட்டுப் போடுவாய், போட முடியுமா முடியாதா என்பதை முடிவு செய்யும்.

அப்போது மூன்று வகைத் தொகுதிகள் இருந்தன. கவுண்டி, பரோ, பல்கலைக்கழகம். 1885 முதல் 1918 வரை ஸ்காட்லாந்துக்கு மொத்தம் 72 இடம், லண்டன் காமன்ஸ் சபையின் 670 இடங்களில். அதில் கவுண்டிகளுக்கு 39, பரோக்களுக்கு 31, பல்கலைக்கழகங்களுக்கு 2.

பரோ என்பது எடின்பரோ என்ற பெயரின் வாலில் வரும் அதே சொல்தான். இடைக்காலத்தில் ராஜாவிடம் பட்டயம் வாங்கிச் சந்தை நடத்தவும் வெளிநாட்டு வாணிபம் செய்யவும் உரிமை பெற்ற ஊர்களை ராயல் பரோ என்றார்கள். எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கென்று சொந்த நாடாளுமன்றம் இருந்த காலத்தில் இந்த ஊர்கள் தனித்தனியாகத் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பிவந்தன. 1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் இணைந்தபோது அந்த நாடாளுமன்றம் கலைந்தது, லண்டனில் ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தது வெறும் 45 இடம். கவுண்டிகளுக்கு 30, ஊர்களுக்கு 15. அறுபதுக்கும் மேல் ஊர்கள், இடமோ 15. எடின்பரோவுக்கு மட்டும் தனியாக ஒன்று கொடுத்துவிட்டு, மீதி ஊர்களை நாலும் ஐந்துமாகக் கட்டுக் கட்டி, கட்டுக்கு ஒரு உறுப்பினர் என்று முடித்துவிட்டார்கள். மான்ட்ரோஸ் பரோக்கள் போன்ற தொகுதிகளின் வேர் இதுதான். 19ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து இடங்கள் கூடின, சில ஊர்கள் சேர்ந்தன, சில விலகின, பெரிய நகரங்கள் தனித் தொகுதி ஆயின. ஆனால் "கட்டு" என்ற யோசனை அப்படியே 20ஆம் நூற்றாண்டுக்கும் வந்துவிட்டது.

இந்தக் கட்டுகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் வினோதம் தெரியும். கில்மார்னாக் பரோக்கள் என்ற தொகுதியில் கில்மார்னாக், டம்பார்ட்டன், போர்ட் கிளாஸ்கோ, ரென்ஃப்ரூ, ரதர்க்ளென் என்று ஐந்து ஊர், அவை கிடந்தது நான்கு கவுண்டிகளில். ஸ்டெர்லிங் பரோக்களில் ஸ்டெர்லிங், டன்ஃபெர்ம்லின், கல்ராஸ், இன்வர்கீத்திங், குயின்ஸ்ஃபெரி என்று ஐந்து, ஃபோர்த் கடற்கழியின் அந்தப் பக்கம் சிலது, இந்தப் பக்கம் சிலது. 1890இல் ஃபோர்த் ரயில் பாலம் திறக்கும்வரை வேட்பாளர் குயின்ஸ்ஃபெரியிலிருந்து எதிர்க்கரைக்குப் போகப் படகு ஏற வேண்டும். இந்தத் தொகுதியை 1868 முதல் 1908இல் இறக்கும்வரை நாற்பது வருஷம் வைத்திருந்தவர் ஹென்றி கேம்ப்பெல்-பேனர்மன், 1905 டிசம்பரில் பிரதமரானவர், மார்லிக்கு இந்திய இலாகாவைக் கொடுத்தவர்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பிடித்தது விக் பரோக்கள். நாட்டின் வடக்கு மூலையில் விக், டிங்வால், டெய்ன், டார்னாக், குரோமார்ட்டி என்று நிலத்தில் ஐந்து ஊர், ஆறாவதாகக் கடலைத் தாண்டி ஆர்க்னி தீவில் இருக்கும் கிர்க்வால். கிர்க்வாலில் கடை வைத்திருந்தவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வெண்ணெயும் முட்டையும் கொண்டுவரும் பண்ணைக்காரர் அதே தீவில், ஊருக்கு வெளியே. பண்ணைக்காரருக்கு எம்.பி. ஆர்க்னி–ஷெட்லாண்ட் கவுண்டியின் உறுப்பினர். கடைக்காரருக்கு எம்.பி., சீற்றமான ஒரு கடல் வழிக்கு அப்பால் இருக்கும் ஐந்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து தேர்ந்தெடுத்தவர். மீன்பிடி, கப்பல், தபால் என்று தீவுக்காரர்களுக்கு ஒரே பிரச்சினை வந்தாலும், இருவரும் எழுதும் கடிதம் லண்டனில் வேறு வேறு ஆளிடம் போகும்.

அந்த ஆர்க்னி–ஷெட்லாண்ட் உறுப்பினரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேத்கார்ட் வேசன், நியூசிலாந்தில் பண்ணை வைத்து அங்கேயும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துவிட்டுத் திரும்பியவர். 1900இல் லிபரல் யூனியனிஸ்டாக, அதாவது அயர்லாந்துத் தன்னாட்சியை எதிர்த்து லிபரல் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் அணியில், ஜெயித்தார். இரண்டு வருஷத்தில் கட்சியோடு ஒத்துப்போகவில்லை. பேசாமல் எதிர் வரிசைக்கு மாறி உட்கார்ந்திருக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். இவர் பதவியை விட்டுவிட்டு, தீவுக்காரர்களிடமே திரும்பிப்போய், 1902 இடைத்தேர்தலில் சுயேச்சை லிபரலாக நின்று ஜெயித்தார். அப்புறம் 1921இல் இறக்கும்வரை அவர்தான். ரொம்ப உயரமான மனிதர், சபையில் விவாதம் நடக்கும்போது உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருப்பாராம். ஷெட்லாண்ட் கம்பளிப் பின்னலுக்குப் பேர்போன இடம் என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு அந்தக் காட்சி மனசுக்கு நெருக்கமாக இருக்கிறது.

கவுண்டித் தொகுதிகளைப் புரிந்துகொள்வது இதைவிடச் சுலபம், ஆனால் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பழைய பட்டியலில் ஹேடிங்டன்ஷயர் என்று இருந்தால் அது இப்போது கிழக்கு லோதியன், லின்லித்கோஷயர் என்றால் மேற்கு லோதியன், ஃபார்ஃபர்ஷயர் என்றால் ஆங்கஸ். சின்னக் கவுண்டிகள் இரண்டைச் சேர்த்து ஒரு தொகுதி ஆக்கியிருப்பார்கள், கிளாக்மன்னனும் கின்ராஸும் மாதிரி. பெரியதைப் பிரித்திருப்பார்கள், ஃபைஃப் கவுண்டியைக் கிழக்கு மேற்கு என்று இரண்டாக, லனார்க்ஷயரை ஆறாக. இந்த லனார்க்ஷயரில்தான் விஷயம் தலைகீழாகிறது. கிளைட் நதிக்கரையில் கப்பல் கட்டும் தளங்களும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீடுகளும் நெருக்கியடித்து நின்ற கோவன், நாடாளுமன்றக் கணக்கில் "கவுண்டி", ஏனென்றால் அதற்குப் பழைய ராஜ பட்டயம் இல்லை. 1912இல்தான் அதைக் கிளாஸ்கோ மாநகரத்தோடு சேர்த்தார்கள். ஆனால் ஃபைஃப் கரையில் சில தெருக்கள் மட்டும் இருந்த கல்ராஸ், பட்டயம் இருந்த ஒரே காரணத்தால் "பரோ".

இதே குழப்பம் மேற்குத் தீவுகளில் வேறு விதமாக இருந்தது. லூயிஸும் ஹாரிஸும் உண்மையில் ஒரே தீவின் வடக்குப் பாதியும் தெற்குப் பாதியும். ஆனால் லூயிஸ், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ராஸ்–குரோமார்ட்டி கவுண்டியைச் சேர்ந்தது, ஹாரிஸ் இன்வர்னஸ் கவுண்டியைச் சேர்ந்தது. தீவின் நடுவில் இருந்த மலைதான் எல்லை. இரண்டு பக்கமும் கேலிக் பேசும் அதே குடியானவர்கள், அதே நிலப் பிரச்சினை, ஆனால் எம்.பி. மட்டும் வேறு.

பெரிய நகரங்களில் ஓரளவு நமக்குப் பழகிய ஏற்பாடுதான். கிளாஸ்கோவுக்கு ஏழு, எடின்பரோவுக்கு நான்கு, அபர்டீனுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் தனித்தனி எல்லையோடு. டண்டி மட்டும் விதிவிலக்கு. அதை இரண்டாக வெட்டாமல், முழு நகரத்துக்கும் சேர்த்து இரண்டு உறுப்பினர் என்று வைத்திருந்தார்கள், ஸ்காட்லாந்திலேயே அப்படி ஒன்றுதான். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது, இரண்டு பேருக்குப் போடலாம் அல்லது ஒருவருக்குப் போட்டுவிட்டு இன்னொன்றை விட்டுவிடலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சர்ச்சில் வரும்போது வேண்டும்.

மூன்றாவது வகை, பல்கலைக்கழகத் தொகுதி. எடின்பரோவும் செயின்ட் ஆண்ட்ரூஸும் சேர்ந்து ஒன்று, கிளாஸ்கோவும் அபர்டீனும் சேர்ந்து ஒன்று. இதற்கு எல்லையே கிடையாது. பட்டம் வாங்கியவர் எங்கே இருந்தாலும், ஊரில் ஒரு ஓட்டு ஏற்கெனவே இருந்தாலும், பட்டத்துக்காக இன்னொரு ஓட்டு, அதுவும் தபாலில். பட்டம் வாங்கிய ஆணுக்கு, என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 1890களிலேயே ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்துவிட்டன. சட்டத்தில் "ஆண்" என்று இல்லை, "நபர்" என்றுதான் இருந்தது. அப்படியானால் நாங்களும் நபர்தானே என்று எடின்பரோ பட்டதாரிப் பெண்கள் ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். கீழே தோற்று, 1908இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போனார்கள். அங்கே வக்கீல் வைக்காமல் தானே எழுந்து வாதாடியவர் கிறிஸ்டல் மேக்மில்லன், எடின்பரோவில் அறிவியல் பட்டம் பெற்ற முதல் பெண். பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. தீர்ப்பு எதிராகத்தான் வந்தது. ஓட்டுப் போடும் காரியத்துக்கு அந்தச் சொல் பெண்ணைக் குறிக்காது என்றார்கள். படிப்பை வைத்து ஓட்டுக் கொடுக்கும் ஒரு தொகுதியில், படித்து முடித்த பெண்ணிடம் நீ அந்தச் சொல்லுக்குள் அடங்கமாட்டாய் என்று சொன்னது இன்றைக்குப் படித்தாலும் கோபம் வருகிறது.

இங்கே ஓட்டுரிமையைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் "இவர் இந்தத் தொகுதியில் 7,000 ஓட்டு வாங்கினார்" என்று பழைய பதிவில் பார்க்கும்போது அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இது தெரியாமல் சொல்ல முடியாது. 1918க்கு முன் எந்தப் பெண்ணுக்கும் நாடாளுமன்ற ஓட்டு இல்லை. ஆண்களிலும் ஐந்தில் மூன்று பேர் அளவுக்குத்தான் பட்டியலில் இருந்தார்கள். பெரும்பாலோருக்கு ஓட்டு வந்தது குடித்தனக்காரர் என்ற தகுதியில். வீடு ஒன்றில் தனிக் குடித்தனமாகப் பன்னிரண்டு மாதம் இருந்திருக்க வேண்டும், உள்ளூர் வரி பாக்கி இருக்கக்கூடாது, ஏழையர் உதவிப் பணம் வாங்கியிருக்கக்கூடாது. அப்பா வீட்டில் இருக்கும் இருபத்தைந்து வயது மகனுக்குப் பொதுவாகக் கிடையாது. எஜமானர் வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் வேலைக்காரருக்குக் கிடையாது. வேலை தேடி வேறு தொகுதிக்கு வீடு மாறினால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. இதற்கு நேர்மாறாக, நாலு தொகுதியில் சொத்து இருந்தால் நாலு ஓட்டு. பொதுத்தேர்தல் ஒரே நாளில் நடக்காததால் அதைப் போட்டுக்கொள்ள வசதியும் இருந்தது. 1910 ஜனவரித் தேர்தல் ஜனவரி 15இல் தொடங்கி பிப்ரவரி 10 வரை நீண்டது. இன்றைக்கு இங்கே, மறுநாள் ரயில் பிடித்து அங்கே. தீவுகளின் முடிவு எப்போதும் கடைசியில்தான் வந்து சேரும்.

இப்போது டண்டிக்கு வரலாம். டண்டி சணல் நகரம். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை நூற்று, நெய்து, சாக்காக்கி உலகத்துக்கு விற்ற ஊர். மில்களில் பெண்களே அதிகம், கூலி குறைவு என்பதால் முதலாளிகளுக்கு அதுவே வசதி. பையன்கள் வளர்ந்து ஆள் கூலி கேட்கும் வயது வந்ததும் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள், அதனால் பல வீடுகளில் மனைவி மில்லுக்குப் போக, வேலையில்லாத கணவன் வீட்டைப் பார்த்துக்கொண்டான். அவர்களை ஊரில் "கெட்டில் கொதிக்க வைக்கிறவர்கள்" என்றே கூப்பிட்டார்கள். அந்த அடுக்குக் குடியிருப்பில் வாடகை கட்டும் காசு அவள் சம்பளம், ஓட்டு அவன் பெயரில். அவள் விதவையாகவோ தனி ஆளாகவோ இருந்து தானே வரி கட்டினால் நகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம், 1881 சட்டம் அதை அனுமதித்தது. லண்டனுக்கு ஆள் அனுப்பும் தேர்தலில் மட்டும் கூடாது.

1908 ஏப்ரலில் கேம்ப்பெல்-பேனர்மன் உடம்பு முடியாமல் விலக, ஆஸ்குவித் பிரதமரானார். அவருடைய தொகுதி கிழக்கு ஃபைஃப், டண்டியிலிருந்து டே நதியைத் தாண்டினால் அதுதான். அவர் வின்ஸ்டன் சர்ச்சிலை வர்த்தக இலாகாவுக்கு அமைச்சராக்கினார். அப்போது ஒரு விதி உண்டு. அரசாங்கச் சம்பளம் வரும் அமைச்சர் பதவியை ஏற்கும் எம்.பி., தன் இடத்தைக் காலி செய்துவிட்டுத் தொகுதி மக்களிடம் மறுபடி ஓட்டுக் கேட்டு வர வேண்டும். அரசர் பதவி கொடுத்து உறுப்பினர்களை வாங்கிவிடக்கூடாது என்பதற்காக வந்த பழைய விதி (1926இல்தான் முழுதாக எடுத்தார்கள்). சர்ச்சில் தன் மான்செஸ்டர் தொகுதிக்குப் போனார், தோற்றார். டண்டியில் ஒரு இடம் அப்போது காலியானது, லிபரல்களுக்குப் பாதுகாப்பான இடம். மே மாதம் அங்கே நின்றார். கூட்டம் போட்ட இடத்திற்கெல்லாம் மேரி மலோனி என்ற ஐரிஷ் பெண் பெரிய மணியோடு வந்து, சர்ச்சில் வாயைத் திறக்கும்போதெல்லாம் அடித்தார். பெண்களுக்கு ஓட்டுக் கேட்டவர்களைப் பற்றி அவர் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது கோரிக்கை. ஒரு கூட்டத்தில் மணிச் சத்தத்தை மீறிப் பேச முடியாமல் சர்ச்சில் பேச்சையே விட்டுவிட்டுப் போனார். ஆனாலும் ஜெயித்தார். சர்ச்சிலுக்கு 7,079 ஓட்டு. நான்காவதாக, கடைசியில் வந்தவர் எட்வின் ஸ்க்ரிம்ஜர், உள்ளூர்க்காரர், மதுவை முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்பதே அவர் கட்சி. 655 ஓட்டு.

ஸ்க்ரிம்ஜர் விடவில்லை. 1910இல் இரண்டு பொதுத்தேர்தல், இரண்டிலும் நின்றார். 1917இல் சர்ச்சில் வெடிமருந்து அமைச்சராகி அந்தப் பழைய விதிப்படி மறுபடி ஓட்டுக் கேட்க வந்தார், போரின் நடுவே பெரிய கட்சிகள் எதிர்க்காமல் ஒதுங்கியபோதும் ஸ்க்ரிம்ஜர் நின்றார். 1918இலும் நின்றார். 1922 நவம்பரில், ஆறாவது தடவை, 32,578 ஓட்டு வாங்கி முதலாவதாக வந்தார். இரண்டாவது இடமும் உறுப்பினர் பதவியும் தொழிலாளர் கட்சியின் இ.டி. மோரலுக்கு. குடல்வால் அறுவைசிகிச்சை முடிந்து சில வாரம்கூட ஆகாத நிலையில் நாற்காலியில் வைத்து மேடைக்குத் தூக்கிவரப்பட்ட சர்ச்சில், 20,466 ஓட்டோடு நான்காவது.

அந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஜெயித்த வருஷத்தைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஓட்டு வாங்கித் தோற்றிருக்கிறார். 1908 இடைத்தேர்தலில் ஒரு இடம்தான் காலி, ஆளுக்கு ஒரு ஓட்டு. 1922இல் ஆளுக்கு இரண்டு, அது ஒரு காரணம். பெரிய காரணம் 1918 சட்டம். இருபத்தொரு வயது ஆன எல்லா ஆண்களுக்கும், முப்பது வயதுக்கு மேல் சொந்தமாகவோ கணவர் வழியிலோ குடித்தனத் தகுதி இருந்த பெண்களுக்கும் ஓட்டு வந்தது. ஸ்காட்லாந்து முழுக்க 1910இல் 8 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த வாக்காளர்கள் 1918இல் சுமார் 22 லட்சம் ஆனார்கள். டண்டி மில் பெண்கள் பலர் பட்டியலுக்குள் வந்தார்கள். குடித்துவிட்டு வரும் கணவனின் சம்பளம் எங்கே போகிறது என்று அறிந்தவர்களுக்கு, பதினான்கு வருஷமாக மதுவிலக்கு கேட்டுக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் புது ஆள் இல்லை.

ஏன் இங்கிலாந்துப் பெரிய தலைகள் ஸ்காட்லாந்தில் வந்து நின்றார்கள் என்று கேட்பீர்கள். 1832இலிருந்து ஸ்காட்லாந்து பெரும்பாலும் லிபரல் கோட்டை. 1900இல், தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்த நேரத்துத் தேர்தலில் மட்டும் யூனியனிஸ்ட் அணி 38, லிபரல் 34 என்று முந்தியது. 1906இல் லிபரல்கள் 72இல் 58 எடுத்து மீண்டார்கள். யூனியனிஸ்ட் என்றால் இங்கே அயர்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்றவர்கள், 1886இல் லிபரல் கட்சியிலிருந்து அதற்காகப் பிரிந்தவர்களும் கன்சர்வேடிவ்களும். 1912இல் இரண்டும் ஒரே கட்சியாகி, ஸ்காட்லாந்தில் கன்சர்வேடிவ் என்ற பெயரே பல பத்தாண்டு மறைந்து யூனியனிஸ்ட் என்றே இருந்தது. பாதுகாப்பான இடம் இருந்தால் வெளியூர்க்காரர் வருவார். மார்லி இங்கிலாந்துக்காரர், ஆஸ்குவித் யார்க்ஷயர்க்காரர். எதிர்த்திசையிலும் போனார்கள். கேம்ப்பெல்-பேனர்மனுக்கு முந்தைய பிரதமர் பால்ஃபர் கிழக்கு லோதியன் ஜமீன் குடும்பம், ஆனால் மான்செஸ்டர் எம்.பி. லனார்க்ஷயர்ச் சுரங்கத்தில் சிறுவனாக வேலை செய்த, தொழிலாளர் கட்சியின் முன்னோடி கியர் ஹார்டி 1888இல் சொந்த மண்ணில், மிட் லனார்க் இடைத்தேர்தலில் 617 ஓட்டு வாங்கித் தோற்றார், பிறகு லண்டன் புறநகரிலும் வேல்ஸிலும்தான் ஜெயிக்க முடிந்தது.

தொழிலாளர் கட்சிக்கு ஸ்காட்லாந்தில் முதல் இரண்டு இடம் 1906இல் வந்தது. டண்டியில் கப்பல் தச்சர் சங்கத்தின் அலெக்ஸாண்டர் வில்கி, கிளாஸ்கோ பிளாக்ஃபிரையர்ஸில் ஜார்ஜ் பார்ன்ஸ். பார்ன்ஸ் தோற்கடித்தது பின்னாளில் பிரதமரான போனர் லாவை. 1910 டிசம்பரில் சுரங்கத் தொழிலாளி வில்லியம் ஆடம்சன் மேற்கு ஃபைஃபில் ஜெயித்தார். 1911 வரை எம்.பி.க்குச் சம்பளம் கிடையாது, லண்டனில் வாடகை கொடுத்து வாழச் சொத்து வேண்டும் அல்லது சங்கம் படி அளக்க வேண்டும். அந்த வருஷம்தான் ஆண்டுக்கு 400 பவுண்டு என்று நிர்ணயித்தார்கள்.

1918 சட்டம் வரைபடத்தையும் மாற்றியது. ஸ்காட்லாந்துக்கு 74 இடம், அதில் பல்கலைக்கழகங்களுக்கு மூன்று. கிளாஸ்கோவுக்கு ஏழுக்குப் பதில் பதினைந்து. கிர்க்வால் கடைக்காரர் கடைசியில் பண்ணைக்காரரோடு ஒரே தொகுதிக்கு வந்தார். லூயிஸும் ஹாரிஸும் மற்றத் தீவுகளோடு சேர்ந்து மேற்குத் தீவுகள் என்ற புதுத் தொகுதி ஆயின. செயின்ட் ஆண்ட்ரூஸ் பரோக்கள் என்ற பழைய கட்டு கிழக்கு ஃபைஃபில் கரைந்தது. ஆஸ்குவித் 32 வருஷமாக வைத்திருந்த அந்தத் தொகுதியில் இப்போது புது ஊர்கள், புது வாக்காளர்கள், போரால் சலித்த மனசு. 1910இல் இரண்டு தடவை தன்னிடம் தோற்ற அலெக்ஸாண்டர் ஸ்ப்ராட்டிடம் சுமார் 2,000 ஓட்டில் அவர் தோற்றார்.

1922 தேர்தலில் கிளாஸ்கோவின் பதினைந்தில் பத்து தொழிலாளர் கட்சிக்கு. 1915இல் வாடகை உயர்வை எதிர்த்த போராட்டத்தில் தெருவில் நின்ற குடும்பங்கள் இப்போது ஓட்டுப் பட்டியலில் இருந்தன. பிரிட்ஜ்டனிலிருந்து ஜேம்ஸ் மேக்ஸ்டன், ஷெட்டில்ஸ்டனிலிருந்து ஜான் வீட்லி. லண்டனுக்கு ரயிலேறியபோது செயின்ட் ஈனாக் நிலையத்தில் பெரும் கூட்டம், பைபிளின் 124ஆம் சங்கீதத்தைப் பாடி அனுப்பிவைத்தார்கள். வீட்லி 1924இல் சுகாதார அமைச்சராகி, நகராட்சிகள் வாடகை வீடு கட்டப் பணம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1923 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் முதல் பெண் எம்.பி.யும் வந்துவிட்டார், கின்ராஸ்–மேற்குப் பெர்த்ஷயரிலிருந்து அத்தால் சீமாட்டி, யூனியனிஸ்ட் கட்சி.

மான்ட்ரோஸ் பரோக்கள் மட்டும் இத்தனைக்குப் பிறகும் அதே ஐந்து ஊர்களோடு நீடித்தது. ஃபார்ஃபர் ஊர்க்காரரும் எல்லைக்கு வெளியே இருந்த பண்ணைக்காரரும் ஒரே எம்.பி.க்கு ஓட்டுப் போட 1950 தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.